ஜூடித் பெட்டியின் இரண்டாம் சுவிட்ச்

பெங்களூரில் கிட்டார் வாசிக்கிறவர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: ஜூடித் ஆம்ப்ளிஃபையரில் இரண்டாவது சுவிட்சுக்கு மேலே ‘மில்’ என்று ஏன் எழுதியிருக்கிறது? ஒருவர் அது ஜெர்மன் சொல் என்றார். இன்னொருவர் அது ஒரு இங்கிலாந்து விஞ்ஞானியின் பெயர் என்றார். நான் இருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் எனக்கு நீளமாகப் பேச வராது. எழுத வரும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து. அதன் கோடியில் இரண்டு ஷட்டர்கள் ஒட்டினாற்போல இருந்தன. ஒன்று என் மாமா சித்தையனின் மாவு மில். மற்றது பர்னபாஸ் சாரின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் கம்பெனி. அதைக் கம்பெனி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். சந்தில் மற்றவர்கள் பெட்டிக்கடை என்றார்கள். அதைக் கேட்டு வந்து பீடி கேட்டவர்களும் உண்டு.

தொண்ணூற்று மூன்றில் நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தேன். மதிப்பெண்ணில் குறையில்லை. நேர்முகத் தேர்வுகளில் என் குரல் மேசையின் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, அதுதான் குறை. கடைசியில் மாமாதான் வழி சொன்னார். அவர் கௌதள்ளி என்ற ஊரிலிருந்து வந்து மில் வைத்தவர்.

“பக்கத்துல சத்தத்தப் பெருசு பண்ற மிசினு செய்யறாங்க அம்மிணி. உனக்கு அதுதான் தோது. நம்ம ஆளு ஒண்ணு அங்க இருந்தா, அந்தக் காச்சுமூச்சையும் கொஞ்சம் கொறச்சு வெக்கலாமில்ல?”

பர்னபாஸ் சார் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்தார். ஈயத்தை உருக்கி ஒரு வயரை ஒட்டினேன். “ஸ்தோத்திரம்” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

கம்பெனி தொடங்கிய கதையை அவர் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வார். ஜூடித் அக்கா இல்லாத நேரத்தில்தான் சொல்வார். ஜூடித் அக்கா அவருடைய மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்தின்போது அக்காவின் அப்பா ஒரு வால்வு ரேடியோ கொடுத்திருந்தார். தேக்குப் பெட்டி, முன்னால் பச்சைக் கண் போல ஒரு விளக்கு. பர்னபாஸ் சார் அப்போது சர்ச்சில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாலிபர் சங்கம் பெங்களூரிலிருந்து கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்பே அது புகைந்து அணைந்தது. சார் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் தன் வீட்டு ரேடியோவிலும் இருப்பது நினைவுக்கு வந்தது. அக்கா நைட் டியூட்டியில் இருந்தார்.

ஆராதனை அமோகமாக நடந்தது. அன்றிலிருந்து ரேடியோ வெறும் பெட்டியாயிற்று. அதில் இப்போது பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

அக்காவைச் சமாதானப்படுத்த, தான் செய்த முதல் ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் வெள்ளைப் பெயிண்டால் ‘ஜூடித்’ என்று எழுதினார் சார். அக்கா சமாதானம் ஆகவில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அதன் பிறகு சந்தில், “ஜூடித் ரொம்ப இரையுதே”, “ஜூடித்த ஆட்டோவுல ஏத்து, பாத்து, மூலை இடிக்கும்” என்றெல்லாம் பேச்சு கேட்கும். அக்கா காதில் விழாதது போல் நடந்துபோவார்.

சாருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் சோதித்தாக வேண்டும். சோதிப்பது என் வேலை. ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழாக ஒரு தரம் சுண்டுவேன். பிறகு மைக்கைச் செருகி “ஒன், டூ, த்ரீ” சொல்வேன். என் குரலைச் சந்து முனை வரைக்கும் கொண்டுபோகிற பெட்டி மட்டும் கடையை விட்டு வெளியே போகலாம் என்று சார் ஒரு விதி வைத்தார்.

“வேற கம்பெனிக்காரன்லாம் லட்ச லட்சமா மெஷின் வெச்சு டெஸ்ட் பண்றான். நம்மகிட்ட நாச்சி இருக்கா” என்பார். என் முழுப் பெயர் நாச்சம்மாள்.

தொல்லை ஒன்றுதான். மில் ஓடத் தொடங்கினால் எங்கள் டியூப் லைட் சிணுங்கும். ஃபேன் சோம்பிப்போகும். ஒரே கம்பியில் கோடியில் இருந்த இரண்டு கடைகள், மோட்டார் இழுக்க இழுக்க வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். சார் வாசலுக்கு வந்து கத்துவார்.

“சித்தையண்ணே! என் அயர்னு பச்சத்தண்ணியா இருக்கு!”

மாமா மாவுப்புகைக்குள்ளிருந்து பதில் சொல்வார். “அப்ப எடுத்துக் குடிச்சுப் போடுங்க!”

“உங்க மில்லால என் தொழிலே போகுது!”

“உங்க சத்தத்துல என் ராகி திரியுதுங்க!”

ராகி எப்படித் திரியும் என்று யாரும் கேட்கவில்லை. சார் மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார், எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வேறு லைன் வேண்டும் என்று. அவர் வாழ்க்கையில் இரண்டு ஆசைகள்தான். ஒன்று, முழு வோல்டேஜ். இன்னொன்று, பெங்களூரில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஜூடித் உட்கார்ந்திருப்பது.

இதில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவார்கள். ஆலன் அப்படி வந்தவன்தான். விஜயநகரில் வீடு, மாலையில் ஒரு ஹோட்டலில் வாசிப்பு. ஜூடித்தை வாங்கிய மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தான்.

“குரு, இங்க அழுதுச்சு, வீட்ல அழ மாட்டேங்குது குரு.”

சார் பெட்டியை எங்கள் பிளக்கில் மாட்டினார். பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆலன் ஒரு தந்தியை இழுத்தான். பெட்டி விம்மியது. தொண்டை கரகரத்து, நீளமாக, ஆற்றமுடியாமல் அழுதது. கூடையுடன் மில்லில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அழுதுதே” என்றார் சார்.

“இங்க அழுது குரு. அங்க இல்ல.”

“உன் வீடு புது வீடு. சுண்ணாம்பு சரியாக் காஞ்சிருக்காது. அதான் எதிரொலி வரல.” சிறிது யோசித்து, “ஜெபமும் கம்மியா இருக்கலாம்” என்றார்.

திரும்பி வந்தவர்கள் எல்லோருமே விஜயநகர் மாதிரிப் புது லேஅவுட்களில் வீடு கட்டியவர்கள். எனவே சுண்ணாம்புக் கொள்கை உறுதிப்பட்டது. ஆலன் தன் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, தினமும் காலையில் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து சாதகம் செய்தான். வள்ளியாத்தாள் அவனை முறைத்துக்கொண்டே கூடையை இறக்குவார். கல்யாண வீடுகளுக்கு மசாலாப் பொடி செய்து கொடுக்கிறவர் அவர், மாமாவின் ஊர்க்காரர்.

“எப்பப் பாத்தாலும் அந்தக் கட்டையச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கறானே. நல்ல களிம்பா வாங்கிப் போட்டா ஆகாதா?”

ஒரு நாள் மில் மும்முரமாக ஓடும் நேரத்தில், ஒரு பெரிய மனிதர் சந்தில் நின்றுவிட்டார். பெங்களூரில் வாத்தியக் கடை வைத்திருந்த பசவராஜ். மாமியார் வீட்டுக்கு வந்தவர், வெங்காயம் வாங்க அனுப்பப்பட்டிருந்தார். பையை ஆலன் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

“இது எந்த தேசத்துப் பெட்டி?”

“இதே சந்துதான்” என்றார் சார்.

அவர் நம்பவில்லை. பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். தக்காளிப் பெட்டிப் பலகையைப் பார்த்ததும் நம்பினார்.

“அடுத்த மாசம் இதே மாமியார் வீட்டுக்கு வரணும் சார், தப்பிக்க முடியாது. அப்ப இன்னொரு தடவை கேக்கறேன். இதே மாதிரி அழுதா நம்ம கடைல முன்னாடியே வெக்கறேன்.” ஒரு தேதியும் சொல்லிவிட்டுப் போனார். வெங்காயத்தை மறந்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ஜூடித் அக்கா கடைக்கு வந்து நிபந்தனை விதித்தார். அக்காவின் அண்ணன் விஜயநகரில் மிக்ஸி ரிப்பேர் கடை திறந்து, அதில் உட்காரத் தங்கை புருஷனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். போர்டுகூட எழுதியாயிற்று. ‘மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர்’ என்று பெரிய கன்னட எழுத்துகளில். அந்தப் பிளைவுட் போர்டு பல மாதமாக எங்கள் கடைச் சுவரோரம், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அதைத் திருப்பி வைத்தது சார்தான்.

“பெங்களூர்க்காரர் எடுத்துக்கிட்டா நான் இந்த போர்டப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா அடுத்த நாளே இது விஜயநகர்ல தொங்கும். கீழ நீங்க உக்காந்திருப்பீங்க. சரிதானங்க?”

“சரி” என்றார் சார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பசவராஜ் வர வேண்டிய வாரத்தில்தான் மின்சார ஆபீஸ் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள்.

சந்து முனையில் புது டிரான்ஸ்ஃபார்மர் ஏறியது. கடைகளுக்கெல்லாம் அதிலிருந்து புது லைன். பழைய கம்பியில் மில் மட்டும் தனியாக நின்றது. சார் பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்து சந்து முழுவதும் கொடுத்தார். மாமாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். மாமா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றார்.

“விடுதலை, நாச்சி!” என்று மெயின் சுவிட்சைப் போட்டார் சார். டியூப் லைட் கல்யாண வீடு போல எரிந்தது. ஃபேன் காற்றில் காலண்டர் பறந்தது. மில் ஓடியது, லைட் அசையவில்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆலன் செருகி ஒரு தந்தியை இழுத்தான்.

எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் வந்தது. பலமான, சுத்தமான, உணர்ச்சியே இல்லாத சத்தம். ஆலன் மறுபடி இழுத்தான். தட்டு மறுபடி விழுந்தது.

“குரு,” என்றான் மெதுவாக, “ஜூடித் செத்துட்டா குரு.”

“யாரு செத்தது?” என்றபடி ஜூடித் அக்கா டிபன் கேரியரோடு உள்ளே வந்தார்.

அதன் பிறகு சார் சரியாகச் சாப்பிடவில்லை. வால்வுகளை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். தந்தி சரியில்லை என்று ஆலனைத் திட்டினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்பு காய்ந்த பிறகும் தட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. போர்டு சுவரோரம் நின்றது. அக்கா வந்துபோகும்போது அதன் மேலிருந்த தூசியை மட்டும் தட்டிவிட்டுப் போனார்.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு மாமாவின் மில்லுக்குப் போனேன். மில் ராகி அரைத்துக்கொண்டிருந்தது. பழைய கம்பியில் வோல்டேஜ் நூற்றெண்பதுக்கும் கீழே கிடந்தது. திரும்பி வந்து எங்கள் பிளக்கில் பார்த்தேன். முழுசாக இருநூற்று முப்பது.

வால்வுக்கு மின்சாரம் குறைந்தால் அது சீக்கிரம் களைக்கும். தந்தியை ஓங்கி இழுக்கும்போது அந்த அளவுக்கு எழுந்து நிற்க முடியாமல் மடங்கும். அந்த மடக்கத்தைத்தான் எல்லோரும் அழுகை என்றார்கள். இப்போது அதற்கு வயிறு நிறையக் கிடைக்கிறது. அழுகையை நிறுத்திவிட்டது. விஜயநகர் புது வீடுகளில் நடந்ததும் இதுதான். சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதைச் சாரிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நான் மூன்று தடவை வாய் திறந்தேன். மூன்று தடவையும் அவர், “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்றார்.

கடைசியில் ஒரு பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தைரியம் வந்தது. “ஒன், டூ, த்ரீ” முடிந்திருந்தது. சார் குனிந்து வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெரியாததால் பேச முடிந்தது.

“சார்… நம்ம சவுண்டு நம்ம பெட்டியிலருந்து வரல சார். சித்தையன் மாமா மில்லுலருந்துதான் வந்துச்சு. மில்லு வோல்டேஜ இழுத்தாத்தான் ஜூடித் அழும். இப்ப இழுக்கல. அதான்.”

என் கையில் மைக் இருந்தது. அது அணையவில்லை. பெட்டி விதிப்படி சோதனையில் தேறிவிட்டது.

சந்தில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்கூட நின்றுவிட்டார். பக்கத்தில் மில் பெல்ட் தளர்ந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமா தலைமுதல் கால்வரை மாவோடு வாசலில் வந்து நின்றார்.

“என்ன சொன்ன அம்மிணி? மறுக்காச் சொல்லு. அந்த மைக்குலயே சொல்லு.”

எனக்கு மேசைக்கு அடியில் போகத் தோன்றியது. சார் நிமிர்ந்தார். மீட்டரை வாங்கிக்கொண்டு மில்லுக்குள் போனார். மில்லை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து எங்கள் பிளக்கில் பார்த்தார். புது டிரான்ஸ்ஃபார்மர் இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கேக் வேற வாங்கிக் குடுத்தேனே” என்றார்.

“கம்பி வேற மாதிரி சுத்தின சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு பெட்டிக்குள்ளயே வெச்சுட்டா அதே வோல்டேஜ் கிடைக்கும் சார்” என்றேன், மைக் இல்லாமல். “ஆனா சுத்திக் குடுக்கறவர் ஒரு வாரம் கேப்பார்.”

பசவராஜ் வர ஒரு வாரம் இல்லை.

சார் மாமாவிடம் போய் நின்றார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். “அண்ணே. ஒரே ஒரு நாள். உங்க கரண்டு கொஞ்சம் குடுங்க.”

மாமா துண்டை உதறினார். மாவு பறந்தது. “எம்பட கரண்டு பச்சத்தண்ணியாச்சுங்களே.”

“பச்சத்தண்ணிதான் வேணும் அண்ணே.”

“குடுக்கறேனுங்க. ஆனா ஒண்ணு. பெட்டி மொகத்துல உங்க சம்சாரம் பேரு இருக்குது. சத்தங் குடுத்தது எம்பட மில்லு. அதும் பேரும் வரோணும்.”

“வரும் அண்ணே” என்றார் சார். அவசரத்தில் கொடுத்த வாக்கு. எங்கே வரும், எப்படி வரும் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

மில்லிலிருந்து ஒரு வயரைச் சுவர் மேலாக இழுத்துக் கடைக்குள் கொண்டுவந்தோம். மில் ஓடியது, ஆலன் வாசித்தான், ஜூடித் அழுதது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

பசவராஜ் சொன்ன தேதியன்று காலையில் வந்து பார்த்தால் மில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கற்பூர வாசனை. பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார் மாமா.

“என்ன அண்ணே இது?” சார் ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“அமாவாசைங்க. மாட்டுக்கும் மில்லுக்கும் இன்னைக்கு ரெஸ்ட்டு. எங்கூட்டுப் பழக்கம். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

சாருக்குத் தெரியாது. அவர் கடைக் காலண்டரில் தினம் ஒரு வேத வசனம் இருக்கும். அமாவாசை இருக்காது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சும்மா மோட்டாரையாச்சும் போடுங்க அண்ணே.”

“சும்மா ஓடினாப் பத்தாது மாமா” என்றேன். “அரைக்கணும். அரைச்சாத்தான் வோல்டேஜ் இறங்கும்.”

“அமாவாசையன்னைக்கு எவ கண்ணு ராகி கொண்டாருவா?”

அந்த நேரத்தில் வள்ளியாத்தாள் சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. அந்தச் சந்தில் யாரும் எதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஒரு ஆட்டோவில் காய்ந்த மிளகாய் மூட்டை வந்தது.

“சித்தையா, நாலு வாரமா இந்த மூட்டைய வெச்சுக்கிட்டு நடக்கறேன். ராகி நெடியேறிப் போகும், மாவு செவந்து போகும்னு தொரத்தி உட்டே. இன்னைக்குத்தான் ராகி இல்லியே. அரச்சுக் குடு.”

“அமாவாசைங்கக்கா…”

“அமாவாசை மில்லுக்குத்தான். மொளகாய்க்கு இல்ல. உங்கம்மா இருந்தா எனக்கு இல்லைன்னு சொல்லியிருப்பாளா?”

மாமா பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்தார். இன்னொரு கற்பூரம் ஏற்றி, மில்லிடம் ஏதோ சமாதானம் சொன்னார்.

பசவராஜ் மனைவியின் தம்பியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஜூடித் அக்கா டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஆலன் உட்கார்ந்தான். சார் சுவர் பக்கம் பார்த்து, “ஆகட்டும்!” என்றார். மில் உறுமியது.

ஆலன் இழுத்தான். ஜூடித் அழுதது. அதுவரை நான் கேட்டதிலேயே உத்தமமான அழுகை அது. மிளகாய் கடினமான சரக்கு, மோட்டார் நன்றாகத் திணறியது. பசவராஜ் கண்ணை மூடினார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சார் பரவசமாக என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்தும் வழிந்தது. பிறகு என் கண்ணிலிருந்தும்.

சிவப்பாக ஒரு மெல்லிய புகை சுவர் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

முதலில் தும்மியது மைத்துனர். அடுத்து பசவராஜ். ஆலன் தும்மத் தும்ம வாசித்தான், கை நிற்கவில்லை. தும்மலும் தாளத்தில்தான் விழுந்தது. ஜூடித் அக்கா கைக்குட்டையை நனைத்து எல்லோருக்கும் கொடுத்தார், நர்ஸ் பழக்கம்.

“சூப்பர்!” என்றார் பசவராஜ், மூக்கைப் பொத்தியபடி. “அதே அழுகை! ஆனா என்னா இது, வாசனை?”

“ஆராதனைத் தூபம் மாதிரி” என்றார் சார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“பெங்களூர்லயும் இப்டியே வருமா?”

சாரின் பார்வை போர்டின் மேல் போயிற்று. வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டிகள் பெங்களூர் போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக, ஆலன் மாதிரி, தூக்கிக்கொண்டு திரும்பி வரும்.

“அது… கர்த்தருக்குச் சித்தமானா…”

“வராது சார்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மில் அவ்வளவு சத்தம் போட்டது.

“என்னாம்மா?” என்றார் பசவராஜ், காதுக்குக் கை வைத்து.

“வராது.”

“கேக்கல!”

நான் மூச்சை இழுத்தேன். மிளகாயும் சேர்ந்து உள்ளே போனது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அந்த நொடியில் வள்ளியாத்தாளின் மிளகாய் தீர்ந்து, மாமா மோட்டாரை நிறுத்தினார்.

“மில்லு இல்லாட்டி இது அழவே அழாது சார்!”

நிசப்தமான சந்தில் என் குரல் சந்து முனையையும் தாண்டி வெங்காய மண்டி வரைக்கும் போனது. மைக் இல்லாமல் போனது. அதே நேரம் ஆலன் கையில் எவர்சில்வர் தட்டு விழுந்தது. அவன் இன்னொரு தரம் இழுத்தான். தட்டு. நான் சொன்னதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாமா உச்சி முதல் பாதம் வரை சிவப்பாக உள்ளே வந்தார். “எப்பிடிங்க இருந்துச்சு நம்ம சத்தம்?”

“நம்ம சத்தமா?” என்றார் பசவராஜ். மாமாவைப் பார்த்தார், சுவர் மேல் ஓடிய வயரைப் பார்த்தார், அதன் போக்கிலேயே மில் வரை போய் எட்டிப் பார்த்துத் தும்மிவிட்டுத் திரும்பி வந்தார். ஜூடித் அக்கா போர்டின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

“அப்ப பெட்டி வாங்கறவனுக்கெல்லாம் ஒரு மில்லும் சேத்து விக்கணுமா?”

“வேணாம் சார்.” என் குரல் இன்னும் கத்திய இடத்திலேயே இருந்தது, இறங்கவில்லை. “பெட்டிக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல கம்மி வோல்டேஜுக்கு இன்னொரு வயர் எடுத்துட்டாப் போதும். வெளிய முழு கரண்டு இருந்தாலும் உள்ள மில்லு ஓடற மாதிரியே இருக்கும். ஒரு வாரம் ஆகும்.”

“தும்மல் வருமா?”

“வராது சார்.”

அவர் சிரிக்கத் தொடங்கி, அது தும்மலாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. “ஒரு வாரம் கழிச்சு கொண்டு வாங்க. ஆனா இந்தத் தட்டுச் சத்தத்தயும் எடுத்துராதீங்க. பஜனைக்காரங்க அதான் கேப்பாங்க. ரெண்டும் வேணும், ஒரு சுவிட்ச் போடுங்க.”

சுவிட்ச் என்றதும் மாமா சாரைப் பார்த்தார். சார் மாமாவைப் பார்த்தார். வாக்கு நினைவுக்கு வந்தது. அப்படித்தான் இரண்டாம் சுவிட்சுக்கு மேலே அந்தச் சொல் வந்தது. கீழே தள்ளினால் ‘ரெஸ்ட்’ என்று எழுதலாம், அமாவாசைக்குச் சரியாக இருக்கும் என்று மாமா யோசனை சொன்னார். அதைச் சார் ஏற்கவில்லை.

ஒரு வாரத்தில், சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. பெட்டிகளை மூடும்போது பின்மூடிக்குப் பலகை போதவில்லை. பெங்களூர்க் கடைக்குத் தக்காளிப் பலகை வைத்து அனுப்பச் சாருக்குக் கூச்சம். கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரோரம் நல்ல பிளைவுட் ஒன்று முகம் திருப்பி நின்றுகொண்டிருந்தது.

“வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்” என்றார் ஜூடித் அக்கா. பிறகு தானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சார் ரம்பத்தை எடுத்தார்.

முதலில் போன பெட்டிகளைத் திறந்தால் பின்மூடியின் உட்பக்கத்தில் கன்னட எழுத்துகள் இருக்கும். ஒன்றில் ‘மிக்’, ஒன்றில் ‘ஸி, கிரை’, ஒன்றில் வெறும் ‘ஃபே’. பெங்களூரில் சிலர் அவற்றைச் சேர்த்துப் படிக்க முயன்றதாக ஆலன் சொன்னான்.

கடைசி மூடியை நான் திருகிக்கொண்டிருந்தபோது அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அதை நின்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“முன்னாடி என் பேரு. சுவிட்ச்ல அவங்க மில்லு. உள்ள எங்க அண்ணன் கடை. உங்க பேரு எங்கங்க?”

சார் பெட்டியைச் சுற்றித் தேடுவது போல ஒரு நடை நடந்தார். பிறகு சால்டரிங் அயர்னைத் தொட்டுப் பார்த்தார். நல்ல சூடாக இருந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“என் பேரு எதுக்கு? ரிப்பேர்னு வர்றவன் எல்லாம் என்னத்தான தேடப்போறான்.”